அரளியின் மஞ்சள் அசுவினி: இனங்காணலும் மேலாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

அரளி தமிழகத்தில் வழிபாட்டு மலராகவும், வணிகப் பயிராகவும், வீட்டுத் தோட்டங்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் வளர்க்கப்படும் அலங்காரப் புதர்ச்செடியாகவும் விளங்குகிறது. அதன் இளங்குருத்துகளில் கூட்டமாக மொய்க்கும் மஞ்சள் அசுவினி, காண்போருக்குச் செடியே அழிந்துவிடும் என்ற அச்சத்தைத் தருகிறது. அவ்வச்சத்தின் விளைவாக ஊடுருவும் நஞ்சுகள் தெளிக்கப்படுகின்றன. அரளி நாள்தோறும் பறிக்கப்படும் மலராதலின், தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே இருக்கவேண்டிய காத்திருப்புக் காலம் அங்குக் கிடைப்பதில்லை. இப்பூச்சியை உறவுடைய பிற பூச்சிகளினின்றும் பிரித்தறியும் முறை, அதன் வாழ்வியல், சேதத்தின் உண்மை அளவு, இயற்கை எதிரிகளை முதன்மைப்படுத்தும் மேலாண்மைப் படிநிலைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரளி, அசுவினி, சாறு உறிஞ்சும் பூச்சிகள், ஒட்டுண்ணிக் குளவி, பொறிவண்டு, ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை

முன்னுரை

அரளி, அலரி என்னும் இரு வடிவங்களிலும் வழங்கும் இச்செடி தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. திருமுருகாற்றுப்படையில் முருக வழிபாட்டின்போது கணவீர மாலை சூட்டப்படுவது கூறப்பட்டுள்ளது. கணவீரம் என்பதற்குச் செவ்வலரி என்றே பொருள் கொள்வர். இன்றும் கோயில் மாலைகளில் அரளிக்குத் தனியிடம் உண்டு. சேலம் மாவட்டத்தின் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அது வணிகப் பயிராகவே வளர்க்கப்படுகிறது. வறட்சியைத் தாங்குவதாலும் கால்நடைகள் மேயாததாலும் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளிலும் இச்செடி பரவலாக நடப்பட்டுள்ளது.

இச்செடியின் நுனிக் குருத்துகளும் மொட்டுக் காம்புகளும் சில வேளைகளில் மஞ்சள் பூசியது போலக் காட்சியளிக்கும். அருகிற் சென்று நோக்கினால் அம்மஞ்சள் நிறம் முழுவதும் உயிருள்ள பூச்சிகளின் திரள் என்பது தெரியவரும். இதனைக் கண்ணுற்றவர் உடனே எழுப்பும் வினா, எந்த மருந்தைத் தெளிப்பது என்பதாகும். அதற்கு முன்பு எழவேண்டிய வினாக்கள் இரண்டு உள்ளன. இது எந்தப் பூச்சி என்பது ஒன்று. இதனால் நேரும் இழப்பு யாது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை காணாமல் மேற்கொள்ளப்படும் தெளிப்பு, பல வேளைகளில் தீமையையே மிகுவிக்கிறது.

1. பெயர்வழக்கும் இனங்காணலும்

ஆங்கிலத்தில் ஏஃபிட் எனப்படும் பூச்சியைத் தமிழில் அசுவினி, அசுவுணி, செடிப்பேன் எனப் பலவாறு வழங்குவர். இலங்கைத் தமிழ் வேளாண் நூல்களில் அழுக்கணவன் என்ற சொல் காணப்படுகிறது. இவற்றுள் செடிப்பேன் என்ற பெயர் குழப்பத்திற்கு இடமளிக்கிறது. இலைப்பேன் என்பது வேறொரு வரிசையைச் சார்ந்த, திரிப்ஸ் எனப்படும் பூச்சியைக் குறிக்கும். அசுவினி செடியிலேயே தன் வாழ்நாள் முழுவதையும் கழிக்கிறது. இலைப்பேன் இனங்கள் பலவும் தம் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணிற் கழிக்கின்றன. எனவே ஒன்றுக்குரிய மேலாண்மை மற்றொன்றுக்குப் பொருந்தாது. இரண்டையும் ‘பேன்’ என்றே குறிப்பிடும் பேச்சுவழக்கில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

அசுவினியைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்றைக் கொண்டே இனங்காண இயலும். உடல் மென்மையானது, பேரிக்காய் வடிவுடையது. வயிற்றின் பின்பகுதியில் மேல்நோக்கி நீண்ட இரு சிறு குழல்கள் உண்டு. கார்னிக்கிள் எனப்படும் இக்குழல்களே அசுவினிக் குடும்பத்தின் சிறந்த அடையாளம். மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் இவை இல்லை. அசுவினி கழிக்கும் இனிப்பு நீர் இக்குழல்களின் வழியே வருவதாக முற்காலத்தில் கருதப்பட்டது. உண்மையில் அந்நீர் மலவாயின் வழியே வெளியேறுகிறது. குழல்கள் எதிரிகளைத் தடுக்கும் பசையையும், கூட்டத்தை எச்சரிக்கும் வேதிப்பொருளையும் சுரக்கின்றன.

இனங்காணலில் அடிக்கடி நேரும் பிழைகள் இரண்டு. அசுவினிகள் வளரும்போது தோலுரிக்கின்றன. உரிக்கப்பட்ட வெண்ணிறத் தோல்கள் இலையில் ஒட்டிக்கிடப்பதைக் கண்டு, மாவுப்பூச்சி என்றோ சாம்பல் நோய் என்றோ கருதுவது முதற்பிழை. இரண்டாவது பிழை மேலும் தீங்கானது. சிறிய பொறிவண்டு இனங்கள் சிலவற்றின் புழுக்கள் வெண்ணிற மெழுகிழைகளால் உடலைப் போர்த்தியிருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளை உண்ணும் இப்புழுக்களை மாவுப்பூச்சி எனக் கருதி அழித்துவிடுகின்றனர். தூரிகையால் மெல்லத் தொட்டால் பொறிவண்டுப் புழு விரைந்து நகரும். மாவுப்பூச்சி மிக மெதுவாகவே நகரும்.

2. மஞ்சள் அசுவினியின் வாழ்வியல்

அரளியைத் தாக்கும் அசுவினியின் அறிவியற் பெயர் ஏபிஸ் நேரி. 1841ஆம் ஆண்டு இவ்வினம் விவரித்துப் பெயரிடப்பட்டது. அரளியைப் போலவே இதுவும் நடுநிலக்கடற் பகுதியைத் தாயகமாகக் கொண்டு, அரளி நடப்பட்ட வெப்பமண்டல, மிதவெப்பமண்டல நாடுகள் எங்கும் பரவியதாகக் கருதப்படுகிறது. உடல் பளிச்சிடும் எலுமிச்சை மஞ்சள் நிறமுடையது. குழல்களும் வால்நுனியும் கருநிறமானவை. கால்களிலும் உணர்கொம்புகளிலும் கருமை படர்ந்திருக்கும். நீளம் ஏறத்தாழ 2 மி.மீ. அரளியில் இந்நிறச் சேர்க்கையோடு கூட்டமாகக் காணப்படும் அசுவினியைப் பிற இனங்களோடு மயங்க வாய்ப்பில்லை.

நேரி என்ற சிறப்புப்பெயர் அரளியின் பேரினப் பெயரான நேரியம் என்பதிலிருந்து வந்தது. அரளியைத் தாக்கும் செதில் பூச்சியான ஆஸ்பிடியோட்டஸ் நேரி, இலையைத் தின்னும் பருந்து அந்துப்பூச்சியான டாப்னிஸ் நேரி ஆகியவையும் இதே சிறப்புப்பெயரைத் தாங்கியுள்ளன. எனவே ‘நேரி’ என்ற சொல்லை மட்டும் கொண்டு பூச்சியை அறிந்துகொள்வது பிழையில் முடியும்.

மஞ்சள் அசுவினி அரளிக் குடும்பத் தாவரங்களையே பெரும்பாலும் சார்ந்து வாழ்கிறது. தமிழகத்தில் தரிசு நிலமெங்கும் வளரும் எருக்கு அதன் முதன்மையான காட்டு உறைவிடம். இத்தாவரங்களின் பாலில் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடு நஞ்சுகள் உள்ளன. அசுவினி சாற்றோடு இந்நஞ்சையும் தன் உடலிற் சேர்த்துக்கொள்கிறது. அதன் பளிச்சிடும் மஞ்சள் நிறம், உண்ணத் தகாதது என்று எதிரிகளை எச்சரிக்கும் அடையாளமாகும். பொறிவண்டு இனங்கள் சில இவ்வசுவினியை உண்டு செவ்வனே வளர்வதில்லை. ஆகவே பொறிவண்டுகளை மட்டும் நம்பி இப்பூச்சியை எதிர்கொள்ள இயலாது என்பது கருதத்தக்கது.

பெருக்க முறையும் தனித்தன்மை உடையது. ஆணின்றியே பெண் அசுவினி குட்டி ஈனும் என்பதை ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் பொன்னே 1740இல் அசுவினியைத் தனிமைப்படுத்தி வளர்த்துக் காட்டினார். தாயின் உடலினுள் வளரும் கருவினுள்ளேயே அடுத்த தலைமுறைக் கரு உருவாகத் தொடங்கிவிடுகிறது. மிதவெப்ப நாடுகளின் அசுவினிகள் பல குளிர்காலத்தை முட்டையாகக் கழிக்கின்றன. மஞ்சள் அசுவினியோ ஏறத்தாழ எல்லா இடங்களிலும் பெண்களாகவே ஆண்டு முழுவதும் பெருகுகிறது. சாதகமான வெப்பநிலையில் பிறந்த குட்டி ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் தானும் ஈனத் தொடங்கும். கூட்டம் நெருக்கமுற்று, குருத்தின் தரம் குன்றும்போது சிறகுடைய பெண்கள் தோன்றி வேறு செடிகளுக்குப் பறந்து செல்கின்றன. ஒரே செடியிற் சிறகுள்ளவை மிகுதியாகக் காணப்படின், அக்கூட்டம் தன் உச்சத்தைத் தொட்டுக் கலையத் தொடங்கியுள்ளது என்று கொள்ளலாம்.

3. ஒப்பீடு: பிற அலங்காரச் செடிகளின் அசுவினிகள்

அசுவினி என்ற ஒரே பெயரின் கீழ் வரும் இனங்கள் யாவும் ஒரே அளவு தீங்கானவை அல்ல. செம்பருத்தியைத் தாக்குவது பெரும்பாலும் ஏபிஸ் காசிபி எனப்படும் பருத்தி அசுவினி. இதன் நிறம் இளமஞ்சள் முதல் கரும்பச்சை வரை வேறுபடும். பருத்தி, வெண்டை, மிளகாய், வெள்ளரிக் குடும்பக் காய்கறிகள் எனப் பல பயிர்களில் வாழும் இவ்வினம், நச்சுயிரி நோய்களையும் பரப்புகிறது. எனவே காய்கறித் தோட்டத்தின் வேலியாக நிற்கும் செம்பருத்தியில் அசுவினி பெருகுவது அக்கறைக்குரியது. அரளியில் பெருகும் மஞ்சள் அசுவினி அவ்வாறு காய்கறிகளிற் குடியேறிப் பெருகுவதில்லை. நிறத்தால் ஒத்த இளமஞ்சள் பூச்சிகளாயினும், இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடலாகாது.

ரோஜாவின் மொட்டுக் காம்புகளில் வாழும் அசுவினிகள் உருவிற் பெரியவை. பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறமும் நீண்ட கருங்குழல்களும் உடையவை. ரோஜா மொட்டின் தோற்றமே அதன் விலையாதலின், அங்குச் சிறு தாக்குதலும் பொருளிழப்பைத் தரும்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளைச் சரியாக இனங்காண்பதன் பயனுக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றோடு செம்பருத்தியிலும் அது பெருகியது. மெழுகுப் போர்வையின் காரணமாகப் பூச்சிக்கொல்லிகள் போதிய பயன் தரவில்லை. இனம் உறுதிசெய்யப்பட்ட பின்னரே, அதற்கென்றே அமைந்த அசரோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி, வேறு இரு குளவி இனங்களுடன் 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து வரவழைக்கப்பட்டு வெளியிடப்பட்டது. குறுகிய காலத்தில் மாவுப்பூச்சி பெருமளவு அடங்கியது. வேறொரு மாவுப்பூச்சி என்று பிழையாகக் கருதப்பட்டிருப்பின் இத்தீர்வு வாய்த்திராது.

4. சேதத்தின் உண்மை அளவு

மஞ்சள் அசுவினி அரளியின் சல்லியக் குழாய்களிலிருந்து சாற்றை உறிஞ்சுகிறது. அச்சாற்றில் சர்க்கரை மிகுதி. அமினோ அமிலங்கள் குறைவு. தேவையான அமினோ அமிலங்களை அசுவினியின் உடலினுள் வாழும் பக்னரா என்னும் நுண்ணுயிரி உருவாக்கித் தருகிறது. மிஞ்சிய சர்க்கரை, தேன்திரவமாகக் கழிக்கப்படுகிறது. இலைகளின்மேல் படியும் இத்திரவத்தில் கரும்பூசணம் வளர்ந்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. மொட்டுகள் பிசுபிசுப்படைகின்றன, மிகுந்த தாக்குதலில் குருத்து சற்றே திருகுகிறது.

எனினும் நன்கு வேரூன்றிய அரளிச் செடி இப்பூச்சியால் மடிவது அரிது. அலங்காரச் செடியில் நேரும் இழப்பு பெரும்பாலும் தோற்றம் சார்ந்ததே. வணிக அரளியில் நிலைமை சற்று வேறு. அரளி மொட்டுகள் கிளை நுனியில் தோன்றுவதால், நுனிக்குருத்தைப் பற்றும் அசுவினி விற்பனைக்குரிய உறுப்பையே பாதிக்கிறது. ஆகவே சாலையோரச் செடி, வீட்டுச்செடி, வணிகத் தோட்டம் ஆகிய மூன்றுக்கும் மூன்று வேறுபட்ட பொறுத்தல் எல்லைகள் வேண்டும். முதலாவதில் தலையீடு தேவையில்லை. இரண்டாவதில் நீர்த் தெளிப்பே பெரும்பாலும் போதும். மூன்றாவதில் மட்டும் முறையான கண்காணிப்பும் படிநிலைத் தலையீடும் தேவைப்படும்.

5. இயற்கை எதிரிகளும் எறும்பும்

அசுவினிக் கூட்டத்தினிடையே பழுப்பு நிறத்தில் உப்பி, காகிதம் போல உலர்ந்து ஒட்டியிருக்கும் உடல்கள் காணப்படும். இவை ஒட்டுண்ணிக் குளவியின் முட்டையைத் தாங்கி இறந்த அசுவினிகளாகும். குளவி வெளியேறிய உடலில் வட்டமான துளை இருக்கும். துளையற்ற உலர்ந்த உடல்கள் மிகுதியாக இருந்தால், அவற்றிலிருந்து சில நாட்களில் குளவிகள் வெளிவரும். அந்நாட்களில் நஞ்சு தெளிப்பது, அசுவினியைக் காட்டிலும் அதன் எதிரியையே முதலில் அழிப்பதாகும்.

பொறிவண்டின் புழு நீண்ட கருநிற உடலும் ஆறு கால்களும் கொண்டு, சிறு முதலையைப் போலத் தோன்றும். சிர்பிட் ஈயின் புழு கால்களற்று, அட்டை போல நெளியும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி தன் முட்டைகளை மெல்லிய காம்புகளின் நுனியில் இடுகிறது. இவை யாவும் செடியைத் தின்பவை என்ற தவறான எண்ணத்தால் நசுக்கப்படுகின்றன. தோட்டப் பணியாளருக்கு இவ்வுருவங்களை நேரிற் காட்டி அறிமுகப்படுத்துவது, எந்தத் தெளிப்பைக் காட்டிலும் நீடித்த பயன் தரும்.

எறும்புகள் இவ்வுறவில் எதிர்த்திசையில் செயல்படுகின்றன. தேன்திரவத்திற்காகக் கட்டெறும்பு முதலியவை அசுவினிக் கூட்டத்தைக் காத்து, குளவிகளையும் பொறிவண்டுகளையும் விரட்டுகின்றன. அடித்தண்டில் துணிப்பட்டையைச் சுற்றி, அதன்மேல் ஒட்டும் பசையைப் பூசி எறும்பின் வழியைத் தடுத்தால், எதிரிகளின் செயல்பாடு கூடும். பக்கத்துச் செடியையோ சுவரையோ தொடும் கிளைகளை அகற்றினால்தான் இத்தடை பயன் தரும்.

எருக்கினை முற்றாக அகற்ற வேண்டும் என்ற கருத்தும் மறுஆய்வுக்குரியது. எருக்கு அசுவினிக்கு உறைவிடம் என்பது உண்மை. அதே அசுவினியைச் சார்ந்த குளவிகளுக்கும் அதுவே உறைவிடம். வணிகத் தோட்டத்தை ஒட்டிய எருக்கை அகற்றி, தொலைவில் உள்ளவற்றை விட்டுவைப்பது நடுநிலையான வழியாகும்.

6. மேலாண்மைப் படிநிலைகள்

முதற்படி கண்காணிப்பு. தோட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் பத்துக் குருத்துகளுக்கு அடையாளமிட்டு, வாரம் ஒருமுறை அவற்றையே நோக்க வேண்டும். அசுவினியின் பரவல், உலர்ந்த உடல்கள், பொறிவண்டு மற்றும் சிர்பிட் ஈப் புழுக்கள், எறும்பின் நடமாட்டம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். அசுவினி கூடியும் எதிரிகள் இன்றியும் இருந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் குளிர்ந்த, உலர்ந்த மாதங்களில் அசுவினி பொதுவாகப் பெருகும் என்பதால் அப்போது கண்காணிப்பு கூடுதலாக வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறிகள் சிறகுள்ள அசுவினிகளை மட்டுமே ஈர்க்கும். குளவிகளையும் அவை பிடித்துவிடும். எனவே அவற்றை அறிகுறிக் கருவியாக மட்டும் கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி பராமரிப்பு. மிகுந்த தழைச்சத்தும் அடிக்கடி நடைபெறும் கவாத்தும் இளங்குருத்துகளைப் பெருக்குகின்றன. அசுவினி நாடுவது அவற்றையே. உரத்தைப் பிரித்து அளிப்பதும், கவாத்தைத் தோட்டம் முழுவதும் ஒரே நாளில் செய்யாதிருப்பதும் நலம். மிகுதியாகத் தாக்குண்ட சில குருத்துகளை மட்டும் வெட்டி அகற்றலாம். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. எனவே கையுறை அணிய வேண்டும், கழிவை எரிக்கலாகாது, கால்நடைகளுக்கு எட்டும் இடத்திற் போடலாகாது.

மூன்றாம் படி நீர். விசையுடன் பீய்ச்சும் நீர், அசுவினிகளின் வாயுறுப்பைக் குருத்திலிருந்து பிரித்துக் கீழே வீழ்த்துகிறது. வீழ்ந்தவற்றுள் பல மீண்டும் செடியேற இயலாமல் மடிகின்றன. காலையில், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் சில முறை செய்தால் வீட்டுச்செடிக்கு இதுவே போதும்.

நான்காம் படி சோப்பும் வேம்பும். பூச்சிக்கொல்லிப் பொட்டாசியம் சோப்பை ஒரு லிட்டர் நீருக்கு 10 முதல் 20 மில்லி வரை கலந்து, குருத்தின் எல்லாப் பக்கமும் நனையுமாறு மாலையில் தெளிக்கலாம். இது உடலில் நேரடியாகப் படும் பூச்சியை மட்டுமே கொல்லும், உலர்ந்தபின் செயலிழக்கும். துணி துவைக்கும் சோப்புத்தூள் இதற்கு மாற்றாகாது. அது இலையைக் கருக்கிவிடும். வேப்பங்கொட்டைச் சாறு 5 விழுக்காடு கரைசலாக, அதாவது லிட்டருக்கு 50 கிராம் பருப்புத்தூள் என்ற அளவில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கப்படுகிறது. எக்கரைசலையும் முதலில் ஒரு குருத்தில் தெளித்து, இரு நாள் கழித்துக் கருகல் இல்லையென்று அறிந்தபின் பரவலாகப் பயன்படுத்த வேண்டும். லெகானி வகைப் பூஞ்சாணக் கலவைகள் காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் மட்டுமே பயன் தரும்.

7. ஊடுருவும் நஞ்சுகளின் வரம்பு

இமிடாக்ளோபிரிட், தையமீதாக்சம் போன்ற நியோனிகோட்டினாய்டு நஞ்சுகள் சாற்றோடு கலந்து செடி முழுவதும் பரவுகின்றன. அசுவினியை அவை விரைந்து கொல்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூன்று காரணங்களால் அரளியில் அவற்றைத் தவிர்ப்பதே தக்கது.

முதலாவது, மொட்டுகள் நாள்தோறும் அதிகாலையில் கையாற் பறிக்கப்படுகின்றன. பின்னர் மாலை கட்டுவோர் அவற்றைப் பல மணிநேரம் கையாள்கின்றனர். உண்ணும் பயிருக்குரிய எச்ச அளவு விதிகள் மலருக்குப் பொருந்தாமையால், இத்தொழிலாளர் அடையும் தொடர்பு கணக்கிற் கொள்ளப்படுவதில்லை. இரண்டாவது, நஞ்சு தேன்திரவத்தின் வழியும் வெளியேறுகிறது. ஸ்பெயினில் மேற்கொள்ளப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, இவ்வகை நஞ்சிட்ட எலுமிச்சைக் குடும்ப மரங்களில் வாழ்ந்த மாவுப்பூச்சியின் தேன்திரவத்தை அருந்திய சிர்பிட் ஈக்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும் மடிந்ததைக் காட்டியது. மஞ்சள் அசுவினியும் அதே முறையில் தேன்திரவம் கழிக்கும் பூச்சி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மூன்றாவது, எதிரிகள் அழிந்த தோட்டத்தில் எஞ்சிய சில அசுவினிகளிலிருந்தே கூட்டம் மீண்டும் எழுகிறது. ஆணின்றிப் பெருகும் உயிரிக்கு ஒரு பெண்ணே போதும்.

தேனீக்களின் பாதுகாப்புக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் மூன்று நியோனிகோட்டினாய்டுகளின் திறந்தவெளிப் பயன்பாட்டைத் தடைசெய்தது. அங்குத் தேனீயை முன்னிறுத்தி எழுந்த வினா, இங்கு மலர் பறிக்கும் கைகளையும் சேர்த்து எழுப்பப்பட வேண்டியதாகும்.

முடிவுரை

அரளியின் மஞ்சள் அசுவினி, கண்ணுக்குப் புலப்படும் அளவுக்குத் தீங்கானதன்று. அதன் கூட்டம் விரைந்து எழுகிறது. எதிரிகள் வந்து சேர இடமளித்தால் பெரும்பாலும் தானே சரிகிறது. இடைப்பட்ட காலத்தைப் பொறுத்திருப்பதற்குப் பூச்சியின் பெயரையும், அதன் எதிரிகளின் உருவையும் அறிந்திருப்பது இன்றியமையாதது. வணிகத் தோட்டத்திலும் நீர், சோப்பு, வேம்பு, எறும்புத் தடை ஆகியவற்றின் முறையான சேர்க்கை, நாள்தோறும் பறிக்கும் மலருக்கு ஏற்ற மேலாண்மையாக அமைகிறது.

தமிழக வட்டாரங்கள்தோறும் மஞ்சள் அசுவினியின் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தொகுத்து இனங்காணுதல், அரளி பறிப்போரும் மாலை கட்டுவோரும் அடையும் நஞ்சுத் தொடர்பை அளவிடுதல், அசுவினி, இலைப்பேன், மாவுப்பூச்சி ஆகியவற்றுக்கான வட்டாரப் பெயர்களைத் திரட்டித் தரப்படுத்துதல் ஆகிய மூன்றும் மேலாய்வுக்கு உரியவை. மூன்றாவது பணியில் பூச்சியியலாரோடு தமிழாய்வாளரும் இணைதல் வேண்டும். பூச்சியின் பெயர் தெளிவுபட்ட பின்னரே அதற்குரிய பரிந்துரை உழவரைப் பிழையின்றிச் சென்றடையும்.